வடகோடியில் இரண்டு ஊர்கள்: தூரமும் பறக்கும் நேரமும் கணக்கிடுவது எப்படி?

அலாஸ்காவின் வட நுனியில் உட்கியாக்விக் (2016 வரை பாரோ என்று பெயர்). நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் லாங்யியர்பியன். சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் ஒன்று இடது ஓரத்தில், மற்றது ஏறக்குறைய நடுவில். ஸ்கேல் வைத்து, நிலநடுக்கோட்டு அளவில் கணக்குப் போட்டால் 19,000 கி.மீ. வரும். உண்மையில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வட்டமான உச்சியைத் தட்டையாக இழுத்து வைத்ததால் வந்த வினை இது.

படி 1. கூகுள் மேப்ஸில் ஊரை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் (அட்சரேகை, தீர்க்கரேகை) வரும். உட்கியாக்விக்: 71.3 வடக்கு, 156.8 மேற்கு. லாங்யியர்பியன்: 78.2 வடக்கு, 15.6 கிழக்கு.

படி 2. வட துருவம் 90 டிகிரி. ஒரு டிகிரி அட்சரேகை சுமார் 111 கி.மீ. முதல் ஊரிலிருந்து துருவத்துக்கு 18.7 டிகிரி, அதாவது 2,076 கி.மீ. இரண்டாவதிலிருந்து 11.8 டிகிரி, 1,310 கி.மீ.

படி 3. முக்கியமான இடம் இதுதான். ஒன்று மேற்கு, ஒன்று கிழக்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்டுங்கள்: 172.4. (ஒரே பக்கம் என்றால் கழிக்க வேண்டும், 180-ஐத் தாண்டினால் 360-லிருந்து கழிக்க வேண்டும்.) இது 180-ஐ ஒட்டி இருப்பதால் துருவம் ஏறக்குறைய நேர்வழியிலேயே நிற்கிறது. இரண்டு தூரத்தையும் கூட்டினால் போதும்: சுமார் 3,400 கி.மீ.

தீர்க்கரேகை வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் துருவத் தூரங்களைக் கழியுங்கள். லாங்யியர்பியனுக்கும் நார்வேயின் டிராம்சோவுக்கும் (69.6 வடக்கு, 19 கிழக்கு) அப்படித்தான்: 20.4-இல் 11.8 போனால் 8.6 டிகிரி, சுமார் 955 கி.மீ.

வித்தியாசம் பூஜ்யத்துக்கும் 180-க்கும் நடுவில் மாட்டுகிறதா? ஒரு தாளில் துருவத்துக்குப் புள்ளி வையுங்கள். பாகைமானியால் அந்தக் கோணத்தில் இரண்டு கோடு இழுத்து, 500 கி.மீ.க்கு 1 செ.மீ. என்று ஊர்களைக் குறித்து, இடைவெளியை அளந்துவிடுங்கள். அழகான வேலை. ஆனால் 60 டிகிரிக்குத் தெற்கே இதை நம்ப வேண்டாம். அங்கே பூமியின் வளைவு கணக்கைக் கெடுத்துவிடும்.

படி 4. ஜெட் விமானத்துக்கு மணிக்கு 800 கி.மீ. வைத்து, ஏற இறங்க அரை மணி சேருங்கள். டிராம்சோ–லாங்யியர்பியன் 1 மணி 42 நிமிடம் வருகிறது. விமான அட்டவணையிலும் ஏறக்குறைய அதுதான். ஆகவே நம் இரண்டு ஊருக்கும் நேராகப் பறந்தால் 4 மணி 45 நிமிடம். 1928-இல் துருவ ஆய்வாளர் வில்கின்ஸும் விமானி ஐல்சனும் ஒற்றை எஞ்சின் விமானத்தில் பாரோ பக்கமிருந்து ஸ்வால்பார்டுக்குப் பறந்தபோது 20 மணி நேரத்துக்கு மேல் ஆனது. துருவத்தைத் தொடாமல் கிரீன்லாந்து பக்கமாகச் சுற்றி வந்தார்கள். கடைசியில் புயலில் சிக்கி, ஆளில்லாத தீவு ஒன்றில் இறங்கி நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

படி 5. கடிகாரம். லாங்யியர்பியன் 10 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை 9 மணிக்குக் கிளம்பினால் அங்கே போய் இறங்கும்போது இரவு 11.45. மார்ச்சில் அமெரிக்கா முன்னதாகவே கடிகாரத்தை மாற்றிவிடுவதால் சில வாரங்களுக்கு வித்தியாசம் 9 மணி நேரம்தான்.

சரி, டிக்கெட் போடலாமா? நேரடி விமானம் கிடையாது. உட்கியாக்விக்கிலிருந்து முதலில் தெற்கே ஆங்கரேஜ், அப்புறம் சியாட்டில் போன்ற பெரிய நகரம், அங்கிருந்து ஐரோப்பா, ஆஸ்லோ, அதன்பின் மறுபடி வடக்கே. ஒவ்வொரு துண்டையும் தனியாக அளந்து, காத்திருக்கும் நேரத்தையும் கூட்டுங்கள். தெற்குத் துண்டுகளுக்குத் துருவக் கணக்கு செல்லாது என்பதால் கூகுள் எர்த்தில் உள்ள அளவுகோலைப் பயன்படுத்துங்கள்.