விபிஎன் சட்டமும் பலர் சறுக்கும் இடங்களும்

வேலைக்கோ படிப்புக்கோ வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் விபிஎன் (நம் இணைய இணைப்பை வேறொரு சர்வர் வழியாகச் செலுத்தி, நாம் இருக்கும் இடத்தை மறைக்கும் சேவை) பற்றித் தேடினால், 'தடை உள்ள நாடுகள், தடை இல்லாத நாடுகள்' என்று ஒரு பட்டியல் கிடைக்கும். அதை நம்பி முடிவெடுப்பதுதான் பெரிய தவறு. சட்டங்கள் அப்படி இரண்டாகப் பிரிந்து கிடப்பதில்லை. யார் பயன்படுத்துகிறார், எந்தச் சேவையை, எதற்காக என்பதையெல்லாம் பொறுத்தே அது குற்றமா என்பது முடிவாகிறது.

ஐக்கிய அரபு அமீரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் வந்த இணையக் குற்றச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, குற்றம் செய்வதற்கோ, செய்த குற்றம் தெரியாமல் இருப்பதற்கோ ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை, மறைப்பதைத்தான் தண்டிக்கிறது. சிறை கிடைக்கலாம், 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் விழலாம். இதைப் படித்துவிட்டு, 'நான் என்ன குற்றமா செய்கிறேன், வீட்டுக்கு வீடியோ கால் பேசத்தானே' என்று நினைக்கிறார்கள். அங்கேதான் சறுக்கல். உரிமம் இல்லாத இணைய அழைப்புகளை அந்த நாடு முடக்கி வைத்திருக்கிறது. அந்த முடக்கத்தைத் தாண்டத்தான் விபிஎன் போட்டோம் என்றால், 'எதற்காக' என்ற கேள்வியிலேயே நம் பக்கம் பலவீனமாகிவிடும். உரிமம் பெற்ற அழைப்புச் செயலிகள் அங்கே இருக்கின்றன. பல வருடச் சம்பளத்தை விழுங்கும் அபராதத்தை நினைத்தால் அவற்றுக்குப் பணம் கட்டுவது எவ்வளவோ மேல்.

அப்புறம், அலுவலக விபிஎன். நிறுவனங்களும் வங்கிகளும் தங்கள் உள் நெட்வொர்க்குக்கு விபிஎன் வைத்துக்கொள்ளலாம் என்று அமீரகத் தொலைத்தொடர்பு ஆணையம் 2016-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அது அலுவலக வேலைக்கு மட்டுமான அனுமதி. இரவு அறைக்கு வந்து அதே இணைப்பில் முடக்கப்பட்ட தளத்தைத் திறந்தால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. வேலையும் போகலாம்.

'எல்லோரும்தானே பயன்படுத்துகிறார்கள்' என்பதும் ஆபத்தான தைரியம். சீனாவில் பெரும்பாலும் விற்பவர்கள்மீதுதான் நடவடிக்கை பாய்கிறது, சரி. ஆனால் வெறுமனே பயன்படுத்தியவர்களுக்கும் அபராதம் விதித்திருக்கிறார்கள். 15,000 யுவான் வரை விதிக்க அங்கே விதி இருக்கிறது. அதிகம் பேர் மாட்டவில்லை என்பதால் அந்த விதி இல்லாமல் போய்விடாது.

பழைய கட்டுரையை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஈரான் 2024 பிப்ரவரியில் அனுமதியில்லாத விபிஎன்களுக்குத் தடை விதித்தது. ரஷ்யாவில் வெறுமனே விபிஎன் பயன்படுத்துவது குற்றமாக இருக்கவில்லை. ஆனால் 2024 மார்ச் முதல் முடக்கத்தைத் தாண்டும் வழிகளைப் பரப்புவதற்குத் தடை. 2025 செப்டம்பர் முதல் அரசின் தீவிரவாதப் பட்டியலில் உள்ள உள்ளடக்கங்களை வேண்டுமென்றே தேடினாலே 3,000 முதல் 5,000 ரூபிள் அபராதம், விபிஎன் வழியாகத் தேடினாலும்தான்.

நாட்டுச் சட்டத்தை மட்டும் பார்ப்பதும் போதாது. இந்தியாவில் விபிஎன் வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று சேவை நிறுவனங்களுக்கு 2022-இல் உத்தரவு வந்தது. ஜம்மு காஷ்மீரில் மாவட்ட நிர்வாகங்களே தற்காலிகத் தடை போட்டிருக்கின்றன.

கிளம்பும் முன் அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் தளத்தைப் பாருங்கள். அலுவலக விபிஎன்னை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.