யுகாத்தான் காட்டில் ஒரு பகல்: கோபா, செனோட்டே, புந்தா லகூனா – முதன்முறை செல்வோருக்கான செய்முறை

மெக்சிகோவின் தென்கிழக்கில் உள்ள யுகாத்தான் தீபகற்பத்துக்குச் செல்பவர்களில் பலர் கான்கூன், துலும் கடற்கரைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். துலுமிலிருந்து உள்நாட்டுப் பக்கமாக ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்றால் அப்பகுதியின் பழங்குடிகளான மாயா மக்களின் பழைய நகரம் கோபா வரும். அங்கிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் புந்தா லகூனா என்ற சிற்றூரும், அவ்வூர் மக்களே காத்துவரும் காடும் இருக்கின்றன. இடிபாடுகள், 'செனோட்டே' எனப்படும் நிலத்தடிக் குளத்தில் குளியல், குரங்குகளைத் தேடி ஒரு நடை, ஏரியில் படகு ஆகிய நான்கையும் ஒரே பகலில் முடிக்கலாம். மலையேற்றப் பழக்கமோ தனிப் பயிற்சியோ தேவையில்லை. வரிசையைச் சரியாக அமைத்துக்கொண்டு, அந்தக் காட்டில் பிறந்து வளர்ந்த வழிகாட்டியின் சொல்லைக் கேட்டு நடந்தால் போதும்.

படி 1: நாளையும் நேரத்தையும் முடிவு செய்தல்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. முதன்முறை செல்வோருக்கு அதுவே ஏற்ற பருவம். ஜூன் தொடங்கி நவம்பர் முடிய சூறாவளிக் காலம் என்பதால், அப்போது செல்வோர் வானிலை அறிவிப்பை முந்தைய நாளே பார்த்துவிட வேண்டும்.

பலரும் கவனிக்கத் தவறுவது கடிகாரக் கணக்கு. கோபா அமைந்துள்ள கின்தானா ரோ மாநிலத்தின் நேரம், பக்கத்து யுகாத்தான் மாநிலத்தின் நேரத்தைவிட ஒரு மணி முந்தியது. யுகாத்தான் மாநிலத்தின் வயாதோலித் நகரில் தங்கி அங்கிருந்து காலை 7 மணிக்குக் கிளம்பினால், கோபாவில் அப்போதே மணி 8. புந்தா லகூனாவின் காடு இரு மாநிலங்களிலும் பரவிக் கிடப்பதால், அங்கே முன்கூட்டி நேரம் குறிக்கும்போது எந்த மாநிலக் கணக்கு என்பதைக் கேட்டுக்கொள்வது நல்லது. வாடகைக் கார்தான் வசதி. ஊர்க்காரர்கள் நடத்தும் இடங்களில் வங்கி அட்டையை நம்ப முடியாது என்பதால் மெக்சிகோ நாணயமான பெசோவைச் சில்லறையாகவே எடுத்துச் செல்லுங்கள்.

படி 2: உடையும் பையும்

முழுக்கை பருத்திச் சட்டை, முழுநீளக் கால்சட்டை, பிடிமானமுள்ள மூடிய காலணி, தொப்பி, மாற்று உடை, துண்டு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். இருநோக்கி (பைனாகுலர்) இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வெயில் களிம்பையும் கொசு விரட்டியையும் காலையிலேயே உடலெங்கும் பூசிக்கொண்டு கிளம்ப வேண்டாம். யுகாத்தானின் தரை முழுவதும் சுண்ணாம்புக்கல். மழை நீர் அதன் பிளவுகள் வழியே வடிகட்டப்படாமல் கீழே இறங்கி, நிலத்தடி ஆறுகளாக ஓடிக் கடலைச் சேர்கிறது. நீங்கள் குளிக்கப்போகும் நீரும் ஊரார் புழங்கும் நீரும் ஒரே ஊற்றுக்குள் கலந்தவை. உடலில் பூசியது அங்கே கரைந்தால் மீட்க வழியில்லை. நீளச் சட்டையைப் போர்வையாக நம்புங்கள். விரட்டியைக் குளித்து முடித்த பின் உடையின் மேல் தெளித்துக்கொள்ளுங்கள்.

படி 3: காலையில் கோபா

வாயில் திறந்ததும் உள்ளே சென்றுவிடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வந்துவிடும். கட்டடத் தொகுதிகள் காட்டுக்குள் ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்பதால், உள்ளே வாடகைக்குக் கிடைக்கும் மிதிவண்டியை எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் மிதித்துச் செல்லும் நேரான பாதைகளைக் கவனியுங்கள். 'சக்பே', அதாவது 'வெள்ளைச் சாலை', என்று மாயா மொழியில் பெயர் பெற்ற மேட்டுச் சாலைகள் இந்த நகரிலிருந்தே பல திசைகளுக்கும் கிளம்பின. கல்லை அடுக்கி, மேலே வெண்சுண்ணப் பொடியைப் பரப்பிக் கெட்டித்த அச்சாலைகளில் ஒன்று மேற்கே யாஷுனா நகர் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்றது. பாரம் இழுக்கும் விலங்கோ வண்டியோ இல்லாத மக்கள் அதைக் கட்டினார்கள் என்பதை மிதிவண்டியில் போகும்போது நினைத்துப் பார்த்தால், அடுத்து வரும் பிரமிடைவிட இந்தச் சாலையே பெரிய சாதனையாகத் தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

பாதையின் முடிவில் நிற்கும் நோஹொச் முல் ('பெரிய மேடு') சுமார் 42 மீட்டர் உயரம். அதில் ஏறும் அனுமதி அவ்வப்போது மாறுவதால் வாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கயிறு கட்டித் தடுத்திருந்தால் அதைத் தாண்டக் கூடாது. கோபாவின் ஏரிகளில் முதலைகள் உண்டு. கரையோரப் புல்லில் இறங்குவதைத் தவிர்க்கவும்.

படி 4: உச்சிவெயிலில் செனோட்டே

யுகாத்தானின் வடபகுதியில் தரைமேல் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லை நீர் அரித்துக் குகையாக்கி, கூரை இடிந்து விழுந்த இடங்களில் தெரியும் நிலத்தடிக் குளமே செனோட்டே. மாயா மொழியின் 'ட்சோனொத்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். கோபாவிலிருந்து சில கிலோமீட்டரில் சோ-ஹா, தம்கச்-ஹா, முல்தும்-ஹா என மூன்று இருக்கின்றன. தம்கச்-ஹாவில் குதிப்பதற்கு மேடைகள் உண்டு. தொடங்குபவர்களுக்கு ஆழம் குறைந்த சோ-ஹா பொருத்தமானது.

முதலில் மேலே உள்ள குழாயடியில் சோப்பின்றி நன்றாகக் குளித்துவிட்டு, ஈரப் படிகளில் கைப்பிடியைப் பற்றி இறங்க வேண்டும். நீர் சுமார் 25 டிகிரி என்பதால் வெயிலிலிருந்து வந்த உடலுக்குச் சில்லென்று இருக்கும். மெல்ல இறங்கி மூச்சு சீரான பின் நீந்துங்கள். நீச்சல் தெரிந்தவரும் மிதவைச் சட்டை அணிவதே முறை. கூரையில் தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளைத் தொட வேண்டாம், கை எண்ணெய் பட்டால் அவற்றின் வளர்ச்சி நின்றுவிடும்.

படி 5: சாப்பாடு

கோபா ஊரின் எளிய உணவகம் ஒன்றில் கையால் தட்டிய மக்காச்சோள ரொட்டியான தோர்த்தியாவைக் கேட்டு வாங்குங்கள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, அதன் பிறகே அரைக்கிறார்கள். தோல் கழன்று மாவு பிசைய வருவதோடு, தானியத்தில் அடைபட்டிருக்கும் ஒரு பி வைட்டமினும் உடலுக்குக் கிடைக்கிறது. வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், அடுத்தது நடை.

படி 6: புந்தா லகூனாவில் பிற்பகல்

இக்காட்டின் மாயாப் பெயர் 'ஓட்டோச் மாஷ் யெத்தெல் கோஹ்': குரங்கும் பூமாவும் வாழும் வீடு. 2002-ல் மெக்சிகோ அரசு 5,367 ஹெக்டேரைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. அதற்கு முன்பிருந்தே ஊரார் குரங்குகளைக் காத்து வந்தார்கள். நுழைவுக் கட்டணமும் வழிகாட்டிக்கான ஊதியமும் ஊருக்கே போகின்றன. ஆகவே பேரம் பேசாமல் கொடுங்கள்.

வழிகாட்டியைச் சந்தித்ததும் 'பாஷ் கா வாலிக்' என்று சொல்லிப் பாருங்கள். 'என்ன சொல்கிறாய்?' என்று பொருள்படும் வணக்கம் அது. 'மிஷ் பாஅல்', அதாவது 'ஒன்றுமில்லை', என்று மறுமொழி வரும். யுகாத்தான் மாயா மொழியை இன்றும் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசுகிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவர் உங்களிடம் மரங்களின் பெயரைத் தம் மொழியிலேயே சொல்லத் தொடங்கினால், அதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை.

பாதையில் எந்த மரத்திலும் கை வைக்காதீர்கள். கருநிறப் பால் கசியும் செச்செம் மரம் தோலைப் புண்ணாக்கிவிடும். நம் ஊர்ச் சேங்கொட்டையும் அதே குடும்பம் என்றால் அதன் காரம் புரியும். சிவந்த பட்டை உரியும் சக்காஹ் மரத்தின் சாற்றை அதற்கு மருந்தாக மாயா மக்கள் பயன்படுத்துகிறார்கள். பட்டையில் குறுக்கு வெட்டுத் தழும்புகளோடு நிற்கும் பெரிய மரத்தையும் காட்டுவார்கள்: அது சப்போட்டா. நம் தோட்டங்களுக்கு வந்த சப்போட்டாவின் தாய்நாடு இந்த நிலப்பகுதிதான். அந்தத் தழும்புகள் மெல்லும் கோந்துக்காகப் பால் எடுத்தவர்கள் விட்டவை.

பழம் பழுத்த மரங்களில்தான் சிலந்திக் குரங்குகள் இருக்கும். கைகளில் கட்டைவிரல் இல்லை என்றே சொல்லலாம், ஆனால் வால் ஐந்தாவது கையாக வேலை செய்கிறது. ஒரே கூட்டம் பகலில் சிறு குழுக்களாகப் பிரிந்தும் சேர்ந்தும் திரிவதால், வழிகாட்டி குரலைக் கேட்டே இடம் கண்டுபிடிப்பார். பேசாமல் நில்லுங்கள், உணவு காட்டாதீர்கள், நேர் கீழே நிற்காதீர்கள். சினந்தால் அவை கிளையை ஒடித்துப் போடும்.

இங்குள்ள செனோட்டேக்குள் கயிற்றில் தொங்கி இறங்க விரும்புவோருக்கு, அதற்கு முன் பலிபீடத்தருகே ஒரு சடங்கு நடக்கும். மாயாப் பூசகரான 'ஹ்மென்' 'கோபால்' எனப்படும் மரப்பிசினைப் புகைத்து, நீரின் காவலர்களிடம் அனுமதி வேண்டுவார். மணம் சாம்பிராணியை ஒத்திருக்கும். மழைத் தெய்வமான சாக் இத்தகைய நீர்வாய்களில் உறைவதாக நம்பிக்கை. தொப்பியைக் கழற்றி நில்லுங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தலைக்கவசமும் இடுப்புப் பட்டையும் இறுக்கமா என்று நீங்களும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இறங்கும்போது உட்காருவதைப் போலப் பின்சாய்ந்து, கால்களைச் சற்று அகட்டி, கீழ்க்கயிற்றைப் பற்றிய கையை எக்காரணத்துக்காகவும் விடாதீர்கள். உயரம் அஞ்சுவோர் இதை விட்டுவிடலாம், ஒரு குறையும் இல்லை.

கடைசியாக ஏரியில் சிறு படகு. கனமானவர் பின்னால் அமர்ந்து திசை திருப்ப, முன்னிருப்பவர் சீராகத் துடுப்பு போட வேண்டும். நடுவில் எழுந்து நிற்கக் கூடாது. இந்த நீரின் அடிச்சேற்றைத் துளையிட்டு எடுத்துத்தான் 1990-களில் ஆய்வாளர்கள் பழைய மழைக் கணக்கைப் படித்தார்கள். சேற்றில் படிந்த சிற்றுயிர் ஓடுகளில் உள்ள கனமான, இலேசான ஆக்சிஜன் அணுக்களின் விகிதம், கி.பி. 800-க்கும் 1000-க்கும் இடையில் கடும் வறட்சிகள் வந்து போனதைக் காட்டியது. தெற்கே மாயா நகரங்கள் கைவிடப்பட்ட காலமும் அதுவே. காலையில் பார்த்த கல் நகரத்தின் கதையில் ஒரு பகுதி இந்தப் படகுக்கு அடியில் கிடக்கிறது.

படி 7: திரும்புதல்

இருட்டுவதற்கு முன் கிளம்பிவிடுங்கள். ஊர்களின் நுழைவில் 'தோப்பே' எனப்படும் வேகத்தடைகள் அறிவிப்புப் பலகை இல்லாமலும் இருக்கும். அந்தி நேரத்தில் விலங்குகள் சாலையைக் கடக்கும். விடைபெறும்போது வழிகாட்டியிடம் 'தியோஸ் போஓதிக்' என்று நன்றி சொல்லுங்கள்.