ஜூவுக்குப் போகும் நெல்லைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லை, தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சிங்கம், புலி காட்ட வேண்டுமென்றால் நமக்குப் பக்கத்தில் இருப்பது திருவனந்தபுரம் ஜூதான். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர். செங்கோட்டைக்காரர்களுக்கு ஆரியங்காவு, தென்மலை, நெடுமங்காடு வழி இன்னும் பக்கம். சென்னையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் வண்டலூரை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஆனால் ஊருக்குத் திரும்பியதும் ஆச்சி, “என்ன மக்ளே பாத்த?” என்று கேட்டால், “சிங்கம் தூங்கிச்சு, புலி தூங்கிச்சு, ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்” என்பதோடு பல பிள்ளைகள் முடித்துவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் அலைந்ததற்கு இது போதாது. நாம் போகும் நாளையும் நேரத்தையும், அங்கே நடந்துகொள்ளும் விதத்தையும் கொஞ்சம் மாற்றினால் நிறையவே கிடைக்கும்.

முதலில் கிழமை. திருவனந்தபுரம் ஜூவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. வண்டலூருக்கும் மைசூருக்கும் செவ்வாய்க்கிழமை. நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது திங்களில்தான். ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் ஒரு கல்யாணம், வேன் எடுத்துக் குடும்பத்தோடு போயாகிவிட்டது, ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் அப்படியே ஜூவையும் பார்த்துவிடலாம் என்று நினைப்பார்கள். போனால் கேட் பூட்டியிருக்கும். சரி, திரும்பும் வழியில் பத்மநாபபுரம் அரண்மனையையாவது பார்ப்போம் என்றால் அதற்கும் திங்கட்கிழமைதான் விடுமுறை. அப்படியொரு கல்யாணம் வந்தால் சனிக்கிழமையே ஜூவை முடித்துக்கொண்டு ஞாயிறு முகூர்த்தத்துக்குப் போவது நல்லது.

அடுத்தது, ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைப்பது. காலையில் பத்மநாபசுவாமி கோயில், மதியம் ஜூ, சாயங்காலம் கோவளம். நம் ஊரிலிருந்து கிளம்பும் வேன்களில் பாதி இந்தக் கணக்கில்தான் போகிறது. கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றி வேட்டி கட்ட வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், செருப்பையும் செல்போனையும் ஒப்படைத்துத் திரும்ப வாங்க வேண்டும். வெளியே வரும்போது மணி 11 தாண்டிவிடும். சாப்பிட்டுவிட்டு ஜூவுக்குள் நுழையும்போது வெயில் உச்சியில் நிற்கும். பிள்ளைகளுக்குத் தூக்கம் சொக்கும், பெரியவர்களுக்கு முழங்கால் வலிக்கும், டிரைவர் கோவளத்தில் சூரியன் மறைவதற்குள் போகணும் என்று போன் போடுவார். அங்கே ஜூவுக்குள் நிலம் சமமாகவும் இருக்காது, மேடும் பள்ளமுமாக ஏறி இறங்க வேண்டும். இந்த நிலையில் யார் எதைப் பார்ப்பது? காலை நேரத்தை முழுசாக ஜூவுக்குக் கொடுங்கள். கோயில் நடை மாலையிலும் திறக்கும், அப்போது நிதானமாகக் கும்பிட்டுக்கொள்ளலாம். கோவளத்தை விட்டுவிட்டால் குடி ஒன்றும் மூழ்கிவிடாது. கடல் பார்க்க நமக்குத் திருச்செந்தூர், மணப்பாடு, உவரி எல்லாம் இருக்கிறது.

காலை நேரம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு மிருகங்கள்தான் காரணம். சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரைக்கும் படுத்தே கிடக்கும். அது கூண்டில் அடைபட்ட சோம்பல் இல்லை, காட்டிலும் அப்படித்தான். புலி விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் நடமாடும் பிராணி. மத்தியானம் 1 மணிக்குப் போய் நின்றுகொண்டு “எந்திரிக்க மாட்டேங்குதே” என்று குறைப்படுவது, நடு ராத்திரியில் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி அவர் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்பது போலத்தான். காலையில் கேட் திறந்ததும் உள்ளே போனால் முதல் ஒன்றரை மணி நேரம் பொன்னான நேரம். நேராகப் புலி, சிங்கம் இருக்கும் பக்கம் போங்கள். பறவை, பாம்பு, முதலை எல்லாவற்றையும் வெயில் ஏறிய பிறகும் பார்க்கலாம். வாய்ப்பிருந்தால் மாலையில் மூடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் நன்றாக இருக்கும்.

மாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மவர்கள் மே மாத விடுமுறையில்தான் கிளம்புகிறார்கள். கேரளப் பள்ளிகளுக்கும் அப்போதுதான் விடுமுறை, கூட்டமும் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். ஜூன் தொடங்கினால் அங்கே தென்மேற்குப் பருவமழை. அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் கடைசியில் போவதுதான் என் கணக்குக்கு ஒத்துவருகிறது. அப்போதும் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது.

இனி, எல்லாவற்றையும்விடப் பெரிய தவறுக்கு வருவோம். தீனி போடுவது. நம் பிள்ளைகள் முதன்முதலில் குரங்கைப் பார்ப்பது பாபநாசத்திலோ குற்றாலத்திலோதான். அங்கே பெரியவர்கள் செய்வதைப் பார்த்து, குரங்கு என்றால் வாழைப்பழம் கொடுக்க வேண்டும், பொரிகடலை வீச வேண்டும் என்று பழகிவிடுகிறார்கள். அதே பழக்கம் ஜூவுக்குள்ளும் கூடவே வருகிறது. கையில் முறுக்குப் பொட்டலம், கம்பிக்குப் பக்கத்தில் ஒரு கருமந்தி. பிள்ளை கையை நீட்டுகிறது, அப்பா செல்போனில் படம் எடுக்கிறார். கருமந்தி இலை தின்று வாழும் குரங்கு. மாடு, ஆடு போல அதற்கும் வயிறு பல அறைகளாக இருக்கிறது. அங்கே நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கச் செய்கின்றன. பிஸ்கட்டும் முறுக்கும் இனிப்பும் போனால் அந்த ஏற்பாடே கெட்டுவிடும், வயிறு உப்பி நோய்ப்படும். மான்களின் கதை இன்னும் மோசம். தின்பண்ட வாசனை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் கவரைக் கவரோடு விழுங்கிவிடும். அது செரிக்காமலும் வெளியேறாமலும் வயிற்றிலேயே தங்கிவிடும். மானுக்கு நாம் தூக்கிப் போடாவிட்டாலும் போதாது, நம் கையிலிருந்து பறந்துபோகும் கவரும் ஆபத்துதான். அதனால் கட்டுச்சோறு, தின்பண்டம் எல்லாவற்றையும் வேனிலேயே வைத்துவிட்டுப் போங்கள். உள்ளே தண்ணீர் மட்டும் போதும், அதுவும் வீட்டு எவர்சில்வர் பாட்டிலில்.

இது வெறும் நல்லெண்ணத்துக்காகச் சொல்வதும் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனஉயிர் பாதுகாப்புச் சட்டம், 38ஜே பிரிவு, ஜூ மிருகங்களைச் சீண்டுவது, தீனி போடுவது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வது, உள்ளே குப்பை போடுவது என எல்லாவற்றையும் குற்றம் என்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கூட்டிப் போனால், அவர்களே அப்பாவின் கையைப் பிடித்துத் தடுப்பார்கள்.

சீண்டுவது என்றால் கல்லெறிவது மட்டும் இல்லை. பாம்புக் கூண்டின் கண்ணாடியைத் தட்டுவதும் சீண்டல்தான். பாம்புக்கு வெளிக்காது கிடையாது, அதிர்வைத் தாடையாலும் உடம்பாலும் உணரும். நாம் விளையாட்டாகத் தட்டுவது அதன் உடம்பு முழுக்கப் போய்ச் சேரும். முதலை வாயைத் திறந்தபடி அசையாமல் கிடக்கும். “இது பொம்மைடா” என்று யாராவது ஒருவர் சிறுகல்லை எடுப்பார். முதலை வாயைத் திறந்து வைத்திருப்பது உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ள. அந்த இடத்திலேயே நின்று இதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள், கல் தானாகக் கீழே விழும். குரங்கு பல்லைக் காட்டினால் அது சிரிக்கிறது என்று நாமும் பல்லைக் காட்டுகிறோம். அது பயத்தின் அடையாளம், இல்லையென்றால் மிரட்டல். கண்ணுக்குக் கண் உற்றுப் பார்த்தாலும் அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். கொஞ்சம் பக்கவாட்டில் நின்று பார்த்தால் அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும், நமக்கும் பார்க்க நிறைய கிடைக்கும்.

சத்தத்தைப் பற்றி நெல்லைக்காரர்களுக்கு வெளியூர்க்காரர் பாடம் சொல்லத் தேவையில்லை. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் ஊர் மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. மேலிருந்து விழும் எச்சத்தையும் மீன் நாற்றத்தையும் அந்த மக்கள் சகித்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புலியைப் பார்த்ததும் கைதட்டி விசில் அடிப்பது நமக்கு அழகில்லை. ஜூ பயணத்துக்கு ஒரு மாதம் முன்னால், ஜனவரி முதல் ஜூன் வரையிலான பறவைக் காலமாக இருந்தால், பிள்ளைகளை ஒரு காலை நேரம் கூந்தன்குளத்துக்குக் கூட்டிப் போங்கள். அமைதியாக நின்று பார்ப்பது எப்படி என்று அங்கேயே பழகிவிடுவார்கள்.

தடுப்புச் சுவரில் பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்துப் படம் எடுக்கும் வேலை கூடவே கூடாது. 2014 செப்டம்பரில் டெல்லி ஜூவில் வெள்ளைப் புலியின் அகழிக்குள் போய்விட்ட ஓர் இளைஞர் உயிர் இழந்தார். உயரம் போதவில்லை என்றால் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் நில்லுங்கள்.

யானை பற்றியும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நெல்லையப்பர் கோயில் காந்திமதியைப் பார்த்து, தொட்டு, ஆசி வாங்கி வளர்ந்த பிள்ளைகள் ஜூ என்றால் முதலில் யானையைத்தான் தேடும். 2025 ஜனவரியில் காந்திமதி இறந்த பிறகு அந்த ஏக்கம் கூடியிருக்கிறது. ஆனால் யானைக்கு நடக்கப் பரந்த இடம் வேண்டும் என்பதால், ஜூக்களில் இருக்கும் யானைகளை முகாம்களுக்கு மாற்றச் சொல்லி 2009இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் உத்தரவிட்டது. யானை காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு அங்கே போய் முழிக்காதீர்கள்.

எல்லாக் கூண்டையும் பார்த்தே தீருவது என்று ஓடுவதும் தவறுதான். திருவனந்தபுரம் ஜூ 55 ஏக்கர். கூண்டுக்கு ஒரு நிமிஷம் என்று ஓடினால் எதுவும் மனதில் நிற்காது. நான்கைந்து மிருகங்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றின் முன்னாலும் இருபது நிமிஷமாவது நில்லுங்கள். நெல்லைப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் காட்டில் இது கிடையாது. நம் மாஞ்சோலை, காக்காச்சி, கோதையாறு பக்கத்துச் சோலைகளில் இருக்கிறது. ஆனால் உச்சாணிக் கிளையிலேயே வாழ்வதால் மலைக்குப் போனாலும் கண்ணில் படுவது அரிது. ஜூவில்தான் முகத்துக்கு முகம் பார்க்கலாம். கருகரு உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிநரை பிடரி, வால் நுனியில் சின்னக் குஞ்சம். தின்னும்போது அதன் கன்னத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். கிடைத்ததையெல்லாம் கன்னப் பையில் அடக்கிக்கொண்டு முகம் இரண்டு பக்கமும் புடைத்து நிற்கும். அப்புறம் ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்து, புறங்கையால் கன்னத்தை அழுத்தி அழுத்தி வெளியே எடுத்துத் தின்னும்.

இந்தக் குரங்குக்கு நம் மலையில் முக்கியமான சாப்பாடு வெடிப்பலா என்ற மரம் தருகிறது. முள் நிறைந்த காயைப் பிய்த்து விதையைத் தின்னும், பூக்காலத்தில் பூவையும் விடாது. இந்த மரத்தின் தாவரவியல் பேர் ‘கல்லெனியா’. திருவிதாங்கூரில் ரெசிடென்டாக, அதாவது மன்னர் அவையில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்த ஜெனரல் வில்லியம் கல்லன் நினைவாக வைத்தது. 1857இல் திருவனந்தபுரத்தில் மியூசியம் தொடங்கவும், அதையொட்டி 1859இல் ஜூ வரவும் முன்னின்றவர்களில் அதே கல்லனும் ஒருவர். கூண்டுக்கு முன்னால் நின்று இதைச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளை வாயைப் பிளந்து கேட்கும். புலிக் கூண்டு முன்னாலும் சொல்ல ஒன்று உண்டு: தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் நம் களக்காடு முண்டந்துறைதான், 1988இல் வந்தது.

அங்கிருக்கும் பலகைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும், ஆகவே பார்க்கப்போகும் மிருகங்களைப் பற்றி வீட்டிலேயே கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். ஊழியர்களிடம் பேசத் தயங்க வேண்டாம், அவர்களில் பலருக்குத் தமிழ் புரியும். “சேட்டா, இதுக்கு எப்ப சாப்பாடு போடுவீங்க?” என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். காசை நீட்டி “கொஞ்சம் எழுப்பி விடுங்க” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

வண்டலூர் போகிறவர்களுக்குக் கணக்கே வேறு. அது 602 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 1,490 ஏக்கர். நடந்தே பார்த்துவிடலாம் என்று இறங்கினால் ஆச்சி தாத்தாவுக்குப் பாதி வழியிலேயே கால் ஓய்ந்துவிடும். பேட்டரி வண்டிக்கு உள்ளே நுழைந்ததுமே கேட்டுவிடுங்கள், நேரம் ஆக ஆக வரிசை நீளும். நெல்லை எக்ஸ்பிரஸிலோ பொதிகையிலோ போனால் எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டாம். தாம்பரத்திலேயே இறங்கி, செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் ஏறினால் பெருங்களத்தூருக்கு அடுத்த நிறுத்தம் வண்டலூர். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இன்னும் வசதி. 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில்தான் நம் ஊர்ப் பஸ்கள் நிற்கின்றன. ஜூ அங்கிருந்து பக்கம்தான்.