பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்: அதீதமாகப் பதப்படுத்திய உணவைக் குறைத்து எடையைக் கட்டுக்குள் கொண்டுவர

எடையைக் குறைக்க முயன்று தோற்றவர்கள் பலரும் "எனக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லை" என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பெரியவர்களை நான்கு வாரம் ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்திய உணவு (வீட்டு அடுக்களையில் இல்லாத பொருள்களைச் சேர்த்து ஆலையில் செய்தது), இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றார்கள். பதப்படுத்திய உணவு கிடைத்த நாள்களில் அதே ஆட்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள்; எடை ஏறத்தாழ 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. முடிவு 2019-இல் வெளியானது. மென்மையான, கலோரி செறிந்த உணவு வேகமாக உள்ளே போகிறது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது. ஆகவே மனத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டு, வீட்டுக்குள் வரும் பொருளை மாற்றுவோம்.

முதல் வாரம்: எழுதுங்கள், எதையும் நிறுத்தாதீர்கள்

ஏழு நாள், பாக்கெட்டிலோ புட்டியிலோ வந்த ஒவ்வொன்றையும் நேரத்தோடும் கிராமோடும் குறித்துவையுங்கள். எடையைத் தினமும் காலையில் கழிப்பறை போய்வந்து, எதுவும் சாப்பிடுமுன் பாருங்கள். ஒரு நாள் எடையை நம்பவேண்டாம். முந்தைய இரவின் உப்பே ஒரு கிலோ வரை ஏற்றிக் காட்டும். ஏழு நாள் சராசரிதான் கணக்கு. இடுப்பளவை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, இயல்பாக மூச்சை விட்டபின் எடுங்கள்.

எது அதீதம், எது இல்லை

2009-இல் பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கார்லோஸ் மோன்டெய்ரோ முன்வைத்த 'நோவா' வகைப்பாடு உணவுகளை நான்காகப் பிரிக்கிறது. நாம் குறைக்க வேண்டியது நான்காவது வகை, அதாவது அதீதமாகப் பதப்படுத்திய உணவு. அதைக் கண்டுபிடிக்க முன்பக்கத்துப் படமும் "நார்ச்சத்து நிறைந்தது" என்ற வாசகமும் உதவாது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். உங்கள் அடுக்களையில் இருக்க வாய்ப்பே இல்லாத பொருள் ஒன்று அதில் இருந்தாலே சந்தேகப்படலாம்: மால்டோடெக்ஸ்ட்ரின், குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சுகர், சோயா புரத ஐசொலேட், மாற்றியமைத்த ஸ்டார்ச், நறுமணமூட்டி, சேர்த்த நிறமி, 471, 466 போன்ற எண்ணிட்ட எமல்சிஃபையர்கள் (எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்த்துவைப்பவை).

ஸ்ட்ராபெர்ரி தயிர்க் கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெறும் தயிரின் பட்டியல் ஒரே வரியில் முடியும்: பால், உறை. ஸ்ட்ராபெர்ரி தயிரில் பாலுக்கு அடுத்தபடி சர்க்கரை, பிறகு ஸ்டார்ச், பெக்டின், கொஞ்சம் பழக்கூழ், நறுமணமூட்டி, நிறமி. பட்டியல் எடை வரிசைப்படிதான் இருக்கும். பழத்துக்கு முன் சர்க்கரை வந்தால் பழத்தைவிடச் சர்க்கரை அதிகம் என்றே பொருள். 100 கிராமில் சர்க்கரை 12 கிராம் என்று போட்டிருந்தால், 4 முதல் 5 கிராம் பாலிலேயே உள்ளது. மிச்சம் வெளியிலிருந்து சேர்த்தது. 150 கிராம் கிண்ணத்தில் அது ஏறக்குறைய மூன்று டீஸ்பூன். வெறும் தயிரில் பழத்தை நறுக்கிப் போட்டால் அந்தச் சேர்த்த சர்க்கரை உள்ளே போகாது.

பாக்கெட்டில் வருவதெல்லாம் கெட்டதல்ல. உறைய வைத்த பட்டாணி, டப்பாவில் அடைத்த பயறு, வெறும் பால், வெறும் ஓட்ஸ் தாராளமாக வாங்கலாம். இவற்றையும் பயந்து ஒதுக்குகிறவர்கள் சமைக்க நேரமில்லாத நாளில் மறுபடி பிஸ்கட்டில் போய் விழுகிறார்கள். மறுபுறம் இனிப்புக் காலை உணவு சீரியல், எனர்ஜி பார், சுவையூட்டிய புரதப்பொடி ஆகியவை ஆரோக்கியத்தின் பெயரில் நான்காம் வகையாகவே வருகின்றன.

'ஒரு பரிமாறல்' என்ற வரியில் ஏமாறவேண்டாம். 150 கிராம் பிஸ்கட் பாக்கெட்டில் "ஒரு பரிமாறல் 25 கிராம், 120 கலோரி" என்றிருந்தால், பாக்கெட் முழுவதும் 720 கலோரி. 25 கிராமோடு நிறுத்துகிறவர்கள் அபூர்வம். எப்போதும் 100 கிராம் கணக்கை எடுத்து, நீங்கள் உண்மையில் சாப்பிடும் கிராமால் பெருக்கி 100-ஆல் வகுங்கள். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

எதை முதலில் விடுவது

இனிப்புப் பானங்கள். 330 மில்லி கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை, 140 கலோரி. திரவமாகப் போன கலோரியை உடல் சரியாகக் கணக்கில் எடுப்பதில்லை. அடுத்த வேளைச் சாப்பாடு குறைவதில்லை. தினம் பல புட்டி கோலாவோ எனர்ஜி பானமோ குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் காஃபின் குறைவதால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும், சிலருக்கு ஒரு வாரம் நீடிக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை அளவைப் பாதியாக்குங்கள். செயற்கை இனிப்பூட்டிய பானத்துக்கு மாறுவது நீண்டகால வழியல்ல. எடையைக் கட்டுப்படுத்த இனிப்பூட்டிகளை நாடவேண்டாம் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது (ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது).

அடுத்து பதப்படுத்திய இறைச்சியும் (சாஸேஜ், ஹாம் போன்றவை) மாலை நொறுக்குத்தீனியும். நான்கு மணிப் பசிக்குக் காரணம் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டில் இருக்கிறது. அதில் 20 முதல் 30 கிராம் புரதம் இருக்கட்டும்: இரண்டு முட்டையில் சுமார் 12 கிராம், 100 கிராம் வெந்த பயறில் 8 கிராம், 200 கிராம் தயிரில் 7 கிராம். மாலைக்கு முழுப்பழம், அல்லது 30 கிராம் கொட்டைகள். கொட்டைகளைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு டப்பாவை மூடி உள்ளே வைத்துவிடுங்கள். 30 கிராமே 180 கலோரி. உருளைக்கிழங்கு பிடித்தால் வேகவைத்துச் சாப்பிடுங்கள்: 100 கிராமில் சுமார் 85 கலோரி, அதே எடை சிப்ஸில் 530.

முழுத்தானிய ரொட்டியோடு இப்போதைக்குச் சண்டை வேண்டாம். ஆலையில் செய்தது நான்காம் வகையில் சேர்ந்தாலும், ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தீமையோடு சேர்ந்து வருவது இனிப்புப் பானமும் பதப்படுத்திய இறைச்சியும்தான்.

வாரத்துக்கு ஒரு பொருள் போதும். மாற்று கையில் தயாராக இருந்தால் மட்டுமே பழையதை நிறுத்துங்கள். சமைக்கும் நாளில் இரட்டிப்பாகச் செய்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

எங்கே சறுக்கும்

பாக்கெட் சிப்ஸை விட்டு வீட்டில் பொரித்துச் சாப்பிட்டால் எடை இறங்காது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. அடுப்பு உங்களுடையது என்பதால் அது குறையாது. "பிள்ளைகளுக்காக" என்று வாங்கி வைத்த பாக்கெட்டை இரவு பத்து மணிக்குப் பிரிப்பது யார் என்று முதல் வாரக் குறிப்பே சொல்லும். பசியோடு கடைக்குப் போகவேண்டாம்.

இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை எடுப்பவர்கள் தொடங்குமுன் மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பேசிவிடுங்கள். சர்க்கரையும் மாவும் திடீரெனக் குறைய, மருந்து பழைய அளவிலேயே இருந்தால் தாழ்சர்க்கரை வரும். நடுக்கம், வியர்வை, குழப்பம் அதன் அடையாளங்கள்.

நான்காவது வார முடிவில் எடைச் சராசரியையும் இடுப்பளவையும் மறுபடி எடுங்கள். வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ குறைந்திருந்தால் எதையும் மாற்றாமல் தொடருங்கள். அசையவே இல்லையென்றால் எண்ணெயையும் இரவுத்தீனியையும் ஒரு வாரம் அளந்து எழுதுங்கள். பன்னிரண்டு வாரம் ஆகியும் அப்படியே நின்றால் அந்தக் குறிப்பேட்டோடு மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், தைராய்டு குறைபாடு, தூக்கக் குறைவு இவையும் எடையைப் பிடித்து வைக்கும்.