அரசியல் கட்சி இயங்கும் விதமும் அதில் குடிமக்கள் பங்கேற்கும் வழிகளும்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

வாக்குச்சாவடியில் நம் கண்முன் இருக்கும் பெயர்களுள் பெரும்பாலானவை ஏற்கெனவே ஒருமுறை தேர்ந்தெடுக்கப்பட்டவை. நாம் வாக்களிக்கும் நாளுக்குப் பல வாரங்களோ மாதங்களோ முன்பே ஒவ்வொரு கட்சியிலும் ஒரு குழு கூடி, இவர் போட்டியிடலாம், அவர் வேண்டாம் என்று முடிவெடுத்துவிடுகிறது. அந்த முதல் தேர்வில் பங்கேற்போர் மிகச் சிலரே. 2022ஆம் ஆண்டு பிரிட்டனில் ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சி புதிய தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது, முதலில் அதன் நாடாளுமன்ற உறுப்பினர்கள் போட்டியாளர்களை இருவராகக் குறைத்தார்கள். பிறகு சுமார் 1,72,000 கட்சி உறுப்பினர்களுக்கு வாக்களிக்கும் உரிமை வழங்கப்பட்டது. வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோர் லிஸ் டிரஸ்ஸை ஆதரித்தார்கள். ஆறரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டின் பிரதமர் இவ்வாறு, பொதுத் தேர்தல் எதுவும் இல்லாமலேயே முடிவானார்.

ஆகவே, கட்சிக்கு வெளியே நின்று வாக்களிப்பதோடு நிறுத்திக்கொள்பவர், யார் போட்டியிடுவது என்ற முதல் கேள்வியை விட்டுவிட்டு, அவர்களுள் யார் வெல்வது என்ற இரண்டாவது கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கிறார் என்பது என் உறுதியான கருத்து. முதல் கேள்விக்கும் பதில் சொல்ல விரும்புவோருக்காகவே இந்த விளக்கம் எழுதப்படுகிறது. எந்தக் கட்சியில் சேர வேண்டும் என்பதை இது சொல்லாது. எந்தக் கட்சியானாலும் அதற்குள் எப்படி வழி கண்டுபிடிப்பது என்பதையே சொல்லும்.

படி 1: கட்சி என்பதன் மூன்று பகுதிகளைப் பிரித்து அறியுங்கள்

கட்சி என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும், அதற்குள் மூன்று தனித்தனிப் பகுதிகள் உள்ளன. கிளை முதல் மாநாடு வரை நீளும் உறுப்பினர் அமைப்பு ஒன்று. நாடாளுமன்றம், சட்டமன்றம் போன்ற அவைகளில் அமர்ந்திருக்கும் மக்கள் பிரதிநிதிகள் மற்றொன்று. ஆட்சியில் இருந்தால் அமைச்சர் பொறுப்பில் இருப்பவர்கள் மூன்றாவது. இம்மூன்றும் எப்போதும் ஒரே திசையில் இழுப்பதில்லை. மாநாட்டில் நிறைவேறிய தீர்மானத்தை அமைச்சர்கள் கிடப்பில் போடுவதும், பிரதிநிதிகள் விரும்பாத தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதும் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

இந்தப் பிரிவினையை முதலிலேயே அறிந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. அவையில் ஒரு மசோதா வாக்கெடுப்புக்கு வரும்போது, எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் கொறடா உத்தரவிடுகிறார். இந்தியாவில் 1985ஆம் ஆண்டு அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, அந்த உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் தம் பதவியையே இழக்க நேரிடலாம். சட்டம் அந்த அளவுக்குச் செல்லாத நாடுகளிலும், கொறடாவை மீறியவருக்கு அடுத்த தேர்தலில் வாய்ப்பு மறுக்கப்படலாம். எனவே அவையில் நடைபெறும் விவாதத்தின் முடிவு பெரும்பாலும் அதற்கு முன்னர் கட்சிக்குள்ளேயே எட்டப்பட்டிருக்கும். உங்கள் கருத்து எடுபட வேண்டுமானால், அது அந்தக் கட்டத்திலேயே அங்கே சென்று சேர வேண்டும்.

படி 2: கட்சியின் அமைப்பு விதிகளை வாசியுங்கள்

தேர்தல் அறிக்கையை வாசிப்பவர்களே குறைவு. அமைப்பு விதிகளை வாசிப்பவர்கள் அதனினும் குறைவு. ஆனால் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது எழுதப்பட்டிருக்கும் ஆவணம் அதுதான். பெரும்பாலும் கட்சியின் இணையதளத்திலோ தேர்தல் ஆணையத்தின் பதிவேடுகளிலோ கிடைக்கும். கிடைக்காவிட்டால் கட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். அதையும் தர மறுக்கும் கட்சியைப் பற்றி அந்த மறுப்பே உங்களுக்குப் போதுமான அளவு சொல்லிவிடும்.

முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை. நிர்வாகிகளை யார், எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள்? வேட்பாளரை இறுதி செய்வது எந்தக் குழு? விதிகளைத் திருத்தும் அதிகாரம் பொதுக்குழுவிடம் இருக்கிறதா, தலைவர் ஒருவரிடமே இருக்கிறதா? ஒரு முடிவு தவறு என்று கருதும் உறுப்பினர் எங்கே முறையிடலாம்? இந்த நான்கு கேள்விகளுக்கு விடை தேடினாலே கட்சியின் உள்ளமைப்பு ஓரளவு தெளிவாகிவிடும்.

ஜெர்மனியின் அடிப்படைச் சட்டத்தில் 21ஆவது பிரிவு, கட்சிகளின் உள்ளமைப்பு ஜனநாயகக் கோட்பாடுகளுக்கு இணங்கியதாக இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கட்டளையிடுகிறது. 1978ஆம் ஆண்டின் ஸ்பெயின் அரசியலமைப்பிலும் அத்தகைய விதி உண்டு. எல்லா நாடுகளிலும் இவ்வாறு இல்லை. நெதர்லாந்தில் 2023 தேர்தலில் முதலிடம் பெற்ற சுதந்திரக் கட்சியில், அதன் தலைவர் கீர்ட் வில்டர்ஸ் ஒருவரே உறுப்பினராக இருந்தார். பல லட்சம் பேர் அதற்கு வாக்களித்தார்கள்; ஆனால் அவர்களுள் ஒருவர்கூட அக்கட்சியின் கூட்டத்தில் கை தூக்க வழியில்லை.

விதி நன்றாக எழுதப்பட்டிருந்தாலே போதும் என்றும் எண்ணிவிட வேண்டாம். ஜனநாயகத்தை முழங்கிய கட்சிகளிலும் நாளடைவில் அதிகாரம் முழுநேர நிர்வாகிகள் சிலரின் கைக்குப் போய்விடுகிறது என்று சமூகவியலாளர் ராபர்ட் மிஷல்ஸ் 1911ஆம் ஆண்டிலேயே வாதிட்டார். சிலராட்சியின் இரும்பு விதி என்று அதற்குப் பெயரிட்டார். அவர் சொன்ன அளவுக்கு அது தவிர்க்க முடியாதது என்று நான் ஏற்கவில்லை. ஆனால் சாதாரண உறுப்பினர்கள் கூட்டங்களுக்கு வராமல் இருக்கும் வரை அது உண்மையாகவே இருக்கும்.

படி 3: சொன்னதையும் செய்ததையும் ஒப்பிடுங்கள்

நீங்கள் அக்கறை கொண்டுள்ள ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். கல்வி, குடிநீர், தொழிலாளர் பாதுகாப்பு, எதுவாகவும் இருக்கலாம். அதைப் பற்றிக் கட்சி தன் சென்ற தேர்தல் அறிக்கையில் என்ன சொன்னது, அவையில் அதன் உறுப்பினர்கள் எப்படி வாக்களித்தார்கள், ஆட்சியில் இருந்திருந்தால் என்ன செய்தது ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். அடுத்து, கட்சியின் வரவு செலவு அறிக்கையைப் பாருங்கள். ஜெர்மனியில் ஓராண்டில் 10,000 யூரோவுக்கு மேல் நன்கொடை அளித்தவரின் பெயர் கணக்கறிக்கையில் இடம்பெற வேண்டும். இந்தியாவில் 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெரிய நன்கொடை கொடுத்தவர் யார் என்பதும், அவருடைய துறையைப் பற்றிக் கட்சி என்ன நிலைப்பாடு எடுத்தது என்பதும் அருகருகே வைத்துப் பார்க்கத் தக்கவை.

படி 4: உங்களுக்குத் தடை ஏதும் உள்ளதா என்று உறுதி செய்யுங்கள்

அரசு ஊழியர்கள், நீதித்துறையினர், படையினர் ஆகியோர் கட்சிப் பணியில் ஈடுபடுவதற்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்காவில் கூட்டாட்சி அரசு ஊழியர்களை 1939ஆம் ஆண்டின் ஹாட்ச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. உங்கள் பணி விதிகளைப் பார்த்துவிட்டே படிவத்தில் கையெழுத்திடுங்கள்.

தடை உள்ளவர்களும் கட்சிகளின் மீது தாக்கம் செலுத்த இயலாதவர்கள் அல்லர். தேர்தல் அறிக்கை தயாரிக்கும் குழுக்கள் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பது பல இடங்களில் வழக்கமாகியிருக்கிறது. அக்குழுவுக்கு உங்கள் துறை அறிவைக் கொண்டு இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதி அனுப்பப் பணி விதிகள் இடம் தருகின்றனவா என்று பாருங்கள்.

படி 5: கிளையில் சேருங்கள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்

இணையம் வழியாக ஒரு நிமிடத்தில் உறுப்பினர் ஆகிவிடலாம் என்று பல கட்சிகள் அழைக்கின்றன. அப்படிச் சேர்ந்தாலும், உங்கள் பகுதிக் கிளையின் செயலாளரை நேரில் சந்தித்து, உங்கள் பெயர் கிளைப் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கிளைப் பட்டியலில் இல்லாதவருக்குக் கட்சித் தேர்தலில் வாக்குரிமை கிடைக்காமல் போகலாம். சந்தா செலுத்தினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

சேரும் நாளும் முக்கியம். கட்சித் தேர்தலில் வாக்களிக்கக் குறிப்பிட்ட காலம் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்று பல கட்சிகள் விதித்திருக்கின்றன. மேலே சொன்ன 2022 கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் தேர்தலில் அந்தக் காலம் மூன்று மாதம். தேர்தல் நெருங்கிய பிறகு ஆர்வம் பிறந்து சேர்பவர்கள் இதனால்தான் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

படி 6: ஒரு தீர்மானத்தை முன்மொழியுங்கள்

தொடக்கநிலையினர் அதிகம் தயங்குவதும், மெய்யாகவே பயன் தருவதும் இந்தப் படிதான். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதல் ஓரிரு கூட்டங்களில் கவனித்துக் கேளுங்கள். யார் பேசினால் மற்றவர்கள் கேட்கிறார்கள், நிகழ்ச்சி நிரலை யார் தயாரிக்கிறார், தீர்மானப் புத்தகத்தை யார் எழுதுகிறார் என்பவை அதற்குள்ளேயே புலப்பட்டுவிடும். தீர்மானப் புத்தகம் எழுதும் பொறுப்பை ஏற்க யாரும் முன்வராத கிளைகள் ஏராளம். நீங்கள் முன்வந்தால், கிளையின் நினைவே உங்களிடம் வந்து சேரும்.

பிறகு உங்கள் தீர்மானத்தை எழுதுங்கள். நல்ல தீர்மானத்தில் நிலவரம், கோரிக்கை, அதைச் செய்ய வேண்டியவர், காலக்கெடு ஆகிய நான்கும் இருக்கும். எடுத்துக்காட்டாக: “பள்ளியின் முன்னுள்ள சாலையைக் கடக்கும் மாணவர்களுக்குப் பாதுகாப்பான கடவுப்பாதை இல்லை என்பதை இக்கிளை கவனத்தில் கொள்கிறது. அங்கே கடவுப்பாதையும் வேகத்தடையும் அமைக்கக் கோரி, நம் கட்சியின் உள்ளாட்சி உறுப்பினர் அடுத்த மன்றக் கூட்டத்திலேயே முன்மொழிவு கொண்டுவர வேண்டும் என்றும், அதன் முடிவை இக்கிளைக்கு அவர் தெரிவிக்க வேண்டும் என்றும் தீர்மானிக்கிறது.” கடைசியில் வரும் தெரிவிக்கும் கடமையை விட்டுவிடாதீர்கள். அது இல்லாத தீர்மானம் நிறைவேறிய அன்றே மறக்கப்பட்டுவிடும்.

கூட்டத்துக்கு முன்பே செயலாளரிடம் அதைக் கொடுத்து நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். வழிமொழிய ஒருவரை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கூட்டம் செல்லுபடியாகத் தேவையான வருகை, அதாவது கோரம், இருக்கிறதா என்று தொடக்கத்திலேயே பாருங்கள். விவாதத்தில் யாராவது திருத்தம் சொன்னால், கருத்தின் உயிர் கெடாத வரை ஏற்றுக்கொள்ளுங்கள். திருத்தம் சொன்னவர் அதன் பிறகு அத்தீர்மானத்துக்குத் தாமும் உரியவர் என்று கருதுவார். நிறைவேறியபின், அது மேல்மட்டக் குழுவுக்கு அனுப்பப்பட்டதா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். அதற்கு அடுத்த கூட்டத்திலும் கேளுங்கள்.

படி 7: வீடு வீடாகச் செல்லும் பணியில் இணையுங்கள்

இதை அடிமட்டத் தொண்டர்களின் வேலை என்று ஒதுக்குவோர் ஒரு பெரிய பயனை இழக்கிறார்கள். 1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரு ஆய்வாளர்கள் சுமார் 30,000 வாக்காளர்களைக் கொண்டு சோதனை நடத்தினார்கள். கட்சி சார்பற்ற வேண்டுகோளுடன் நேரில் சென்று பேசியது வாக்குப்பதிவைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்தியது. அஞ்சல் சிறிதளவே உயர்த்தியது. தொலைபேசி அழைப்பால் பலன் தென்படவில்லை. வாக்காளர் பட்டியலுடன் ஒரு தெருவை முழுமையாக நடந்து முடித்தவர், மக்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைக் கட்சிக் கூட்டத்தில் நேரடி அறிவோடு பேச முடியும். கேட்டவற்றை அன்றன்றே குறித்து வையுங்கள்.

படி 8: வேட்பாளர் தேர்வு நடக்கும் அறைக்குள் செல்லுங்கள்

வேட்பாளரைத் தலைமை ஒன்றே நியமிப்பது, தேர்வுக்குழு நேர்காணல் நடத்தி முடிவெடுப்பது, உறுப்பினர்கள் வாக்களிப்பது, உறுப்பினர் அல்லாத வாக்காளர்களும் பங்கேற்கும் முதனிலைத் தேர்தல் நடத்துவது என உலகில் பல முறைகள் உள்ளன. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் முதனிலைத் தேர்தல் முறைக்கு வாக்காளர்கள் 1904ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தார்கள். கட்சித் தலைவர்களின் பிடியிலிருந்து தேர்வை விடுவிப்பதே அதன் நோக்கம்.

உங்கள் கட்சியில் எந்த முறை என்பதை இரண்டாம் படியிலேயே அறிந்திருப்பீர்கள். உறுப்பினர் வாக்கெடுப்பு என்றால், ஒவ்வொரு போட்டியாளரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, விடைகளை ஒப்பிடுங்கள். தேர்வுக்குழு என்றால், அக்குழுவுக்குச் செல்லும் பிரதிநிதிகள் கீழ்மட்டத்தில் எந்தக் கூட்டத்தில் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்று பாருங்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெரும்பாலும் மிகச் சிலரே வருவார்கள். அங்கே உங்கள் ஒரு வாக்கின் எடை, பொதுத் தேர்தலில் அதற்கு உள்ள எடையைவிடப் பல மடங்கு அதிகம். தலைமையே நியமிக்கும் கட்சி என்றால், அந்த விதியைத் திருத்தக் கோருவதே உங்கள் முதல் தீர்மானமாக இருக்கட்டும்.

படி 9: மாறுபடவும் விலகவும் முறை அறியுங்கள்

கட்சியின் எல்லா முடிவுகளையும் ஏற்பவர் என்று ஒருவரும் இல்லை. 2018ஆம் ஆண்டு ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சி, கூட்டணி ஒப்பந்தத்தை ஏற்கலாமா என்று தன் 4,60,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. அக்கட்சியின் இளைஞர் அமைப்பு, அதன் தலைவர் கெவின் கூனர்ட்டின் தலைமையில், ஒப்பந்தத்தை எதிர்த்து நாடெங்கும் பிரசாரம் செய்தது. எதிர்த்து வாக்களிக்கவே புதிதாக உறுப்பினராகச் சேருமாறும் மக்களை அழைத்தது. 66 சதவீதம் பேர் ஆதரித்ததால் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. தோற்ற கூனர்ட் கட்சியிலேயே இருந்தார். அடுத்த ஆண்டு துணைத் தலைவராகவும், 2021இல் பொதுச் செயலாளராகவும் ஆனார்.

மாறுபடும்போது முதலில் கிளையில் பேசுங்கள். உங்கள் எதிர்ப்பைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யக் கேளுங்கள். பிறகு விதிகளில் உள்ள மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுதுங்கள். இவற்றுக்குப் பின்னும் உங்கள் மனச்சான்று இடம் தரவில்லை என்றால், காரணத்தைச் சுருக்கமாகக் குறிப்பிட்டு விலகல் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கிவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கட்சிகளில் உறுப்பினராக இருப்பதைப் பெரும்பாலான கட்சிகள் தடை செய்கின்றன. பழைய பட்டியலில் உங்கள் பெயர் நீக்கப்படாமல் இருந்தால், புதிய கட்சியில் உங்கள் வாக்குரிமையைக் கேள்விக்குள்ளாக்க அது ஒன்றே போதும்.