திங்கள் ஞாயிறாக மாறிய கோளாறு

குழுவினர் அனைவருக்கும் ஒத்துவரும் கூட்ட நாளைத் தேர்ந்தெடுக்க உதவும் திறமூல வலைச்செயலி ஒன்றைத் திட்டமிட்டு, அதன் முதல் மாதிரியை நாங்கள் சோதித்துக்கொண்டிருந்தோம். 2025 ஜனவரி 13, திங்கட்கிழமை என்று நான் குறித்த நாள், நியூயார்க்கில் இருக்கும் நண்பருக்கு ஞாயிற்றுக்கிழமையாகத் தெரிந்தது. சென்னையில் என் திரையிலோ திங்களாகவே இருந்தது.

தரவுத்தளத்தைச் சந்தேகித்து அதன் நேர மண்டலத்தை மாற்றியதில் ஒரு நாள் போயிற்று. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் கோடைக்கால நேர மாற்றமாக இருக்குமோ என்று மேலும் ஒரு நாள் தேடினேன். ஜனவரியில் நியூயார்க்கில் அந்த மாற்றமே நடப்பில் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

குரோம் உலாவியின் டெவலப்பர் கருவிகளில், சென்சார்ஸ் பகுதியில் இருப்பிடத்தைச் சான் பிரான்சிஸ்கோ என மாற்றியதும் கோளாறு என் திரையிலேயே தெரிந்தது. '2025-01-13' என்று நாளை மட்டும் கொடுத்தால் செயலியை எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் மொழி அதை யூடிசி, அதாவது உலகப் பொது நேரப்படியான நள்ளிரவாகக் கொள்கிறது. அதே நாளுடன் 'T00:00' என்று நேரத்தையும் சேர்த்தால் உள்ளூர் நள்ளிரவாகக் கொள்கிறது. யூடிசி நள்ளிரவு சென்னையில் திங்கள் காலை 5.30, நியூயார்க்கில் ஞாயிறு இரவு 7 மணி. இந்திய நேரத்திலேயே எத்தனை முறை சோதித்தாலும் இது அகப்பட்டிருக்காது.

நேரம் இல்லாத நாள்களை இப்போது ஜாவாஸ்கிரிப்ட் நாளையும் நேரத்தையும் சேர்த்தே வைக்கும் டேட் பொருளாக மாற்றாமல், '2025-01-13' என்ற எழுத்துச்சரமாகவே சேமிக்கிறோம். திரையில் காட்டும்போது மட்டும் ஆண்டு, மாதம், நாள் என மூன்று எண்களாகப் பிரித்து டேட்டுக்குக் கொடுக்கிறோம். அதில் மாத எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் ஜனவரிக்கு 0 என்று கொடுக்க வேண்டியிருப்பது தனிக் கொடுமை.