நிறுவனக் கையகப்படுத்தல் (ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்குவது) ஆய்வு: மாதிரியை வடிகட்டும் முறை
முதலில் கட்டுப்பாடு கைமாறிய ஒப்பந்தங்களை மட்டும் பிரியுங்கள்: வாங்குபவர் கையில் உள்ள பங்கு வாங்குமுன் 50%-க்குக் கீழ், வாங்கியபின் அதற்கு மேல். சொந்தப் பங்கைத் திரும்ப வாங்கியவை வேண்டாம்.

சிக்கல் அடுத்த வடிகட்டியில்தான். ‘விலை வெளியானவை மட்டும்’ என்றாலே, பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத சிறு நிறுவனங்களை வாங்கிய ஒப்பந்தங்கள் கொத்தாக உதிரும். அறிவிப்பையொட்டி வாங்குபவரின் பங்கு விலை சராசரியாக ஏறுவது பெரும்பாலும் அவற்றில்தான். பட்டியலிடப்பட்ட நிறுவனத்தை வாங்கும்போது ஏற்றம் பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ நிற்கும். ‘கையகப்படுத்தல் வாங்குபவரின் மதிப்பை அழிக்கிறது’ என்ற முடிவு வடிகட்டியின் குரலாகவே இருக்கலாம்!

அறிவித்தபின் முறிந்த ஒப்பந்தங்களை அறிவிப்பு விளைவு ஆய்வில் (அறிவிப்பையொட்டிப் பங்கு விலை எப்படி மாறியது என்று பார்ப்பதில்) வைத்திருங்கள். முறியும் என்று அன்று சந்தைக்குத் தெரியாது.

ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 10 லட்சம் டாலர், 5 கோடி டாலர் என மாற்றி ஆய்வை ஓட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் மிஞ்சிய ஒப்பந்தங்களின் எண்ணிக்கையை அட்டவணையில் போடுங்கள்.